தண்டியடிகள் பற்றிய கயிறு

களமருதூர் அமைந்த இக்கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருநாவலூரில் அவதரித்தவர் சுந்தரர். பிறவியிலேயே பார்வையற்ற தண்டியடிகளுக்கும் தாம் அடியவர் என்று திருத்தொண்டத்தொகையில் பணிந்தவர் அவர். திருவாரூர்த் திருக்குளத்தை அகழ்ந்த தண்டியடிகள், குழியிலும் கரையிலும் தறி நட்டுக் கயிறு கட்டி, அதனைத் தடவியே மண் சுமந்தார். எள்ளியோர் அவர்தம் கண்ணின்மையைக் கண்டனர், திருப்பணியைக் கண்டிலர்.

அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களை 2016ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்குகின்றது. சட்டம் இடம் தரும். தோழமையை உடன்பயில்வோரே தரவேண்டும். 'ஐயோ பாவம்' என்று ஒதுங்குவதும் எள்ளலுக்கு இளையதன்று.

மாணவச் செல்வங்களே! சாய்தளமும் பிரெயில் நூலும் இக்காலத்துக் கயிறுகள். அவற்றைச் சலுகையென எண்ணற்க. 'யாது உதவி வேண்டும்?' என வினவி, உடனமர்ந்து பயில்க. அதுவே சுந்தரர் காட்டிய நெறி.