ஆறு நாள், ஐந்து ஆட்டம்

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், கம்பர்லாந்து பீடபூமியின் மேல் செவானி என்று ஒரு சிற்றூர். எபிஸ்கோபல் திருச்சபையின் ஆயர்கள் 1857-இல் நிறுவிய 'யுனிவர்சிட்டி ஆஃப் த சவுத்' அங்கேதான் இருக்கிறது. கல்லூரியை எடுத்துவிட்டால் அந்த ஊரில் மிச்சம் காடுதான். இந்தக் கல்லூரியின் ஃபுட்பால் அணி 1899-ஆம் ஆண்டில் 12 ஆட்டங்கள் ஆடிப் பன்னிரண்டிலும் வென்றது. எடுத்த புள்ளிகள் 322. கொடுத்தவை 10. அந்தப் பத்தும் ஒரே ஆட்டத்தில் போனவை.

ஃபுட்பால் என்றதும் கோல் கம்பமும் உருண்டைப் பந்தும் மனத்தில் வந்திருந்தால் தள்ளிவையுங்கள். இது முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டும் ஆட்டம். 1899-இல் அது இன்று தொலைக்காட்சியில் காண்பதைவிட முரட்டுத்தனமாக இருந்தது. பந்தை முன்னால் எறியக் கூடாது. அந்த அனுமதி 1906-இல்தான் வந்தது. மூன்று முயற்சிக்குள் ஐந்து கெஜம் நகர வேண்டும். ஆகவே ஆட்டம் என்பதே கூட்டமாக முட்டித் தள்ளுவதுதான். பந்து வைத்திருப்பவனைச் சொந்த அணிக்காரர்களே இழுத்துக்கொண்டும் உந்திக்கொண்டும் போவார்கள். பலர் தலைக்கவசம் போடுவதில்லை. முடியை நீளமாக வளர்த்துக்கொள்வதே தலைக்குக் காப்பு. பாதிக்கு 35 நிமிடம் வீதம் இரண்டு பாதி. தாக்குவதும் தடுப்பதும் அதே பதினொரு பேர். ஒருவன் வெளியே போனால் திரும்ப உள்ளே வர முடியாது. அதனால் எலும்பு முறியாதவரை எவனும் வெளியே போகமாட்டான்.

இப்படிப்பட்ட ஆட்டத்தை வாரத்துக்கு ஒருமுறை ஆடுவதே பெரிது. செவானி அணி அந்த நவம்பரில் ஆறு நாளில் ஐந்து ஆடியது.

வீரம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். எனக்கென்னவோ இந்தக் கதையின் வேர் பணப்பெட்டியில் இருப்பதாகவே படுகிறது. செவானிக்கு ஆண்டுதோறும் நல்ல வசூல் தந்த ஆட்டம், நாஷ்வில்லின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துடன் ஆடுவது. டிக்கெட் வசூலைப் பங்கிடுவதில் தகராறு வந்து, 1899-இல் அந்த ஆட்டம் நின்றுபோனது. அணியின் மேலாளர் லூக் லீ என்ற மாணவர், வயது இருபது. விழுந்த துண்டை எப்படிக் கட்டுவது? தொலைவில் இருக்கும் கல்லூரிகளுக்கு எழுதினார். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் போய்வந்தால் ரயில் கட்டணமே வசூலைத் தின்றுவிடும். எனவே எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் கோத்துவிட்டார்.

பயணம் மொத்தம் ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர். இருபத்தொரு ஆட்டக்காரர்கள். பயிற்சியாளர் பில்லி சூட்டர், பிரின்ஸ்டனில் ஆடியவர். வெளியூர்த் தண்ணீர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போகக் கூடாதென்று செவானி ஊற்றிலிருந்து இரண்டு பீப்பாய் தண்ணீரை ரயிலில் ஏற்றிக்கொண்டார்கள். தண்ணீர் ஏறியது, ஆட்டக் காலணிகள் மூட்டையோடு செவானி நிலையத்திலேயே கிடந்தனவாம். பிறகு தந்தி பறந்து, அடுத்த ரயிலில் அவை பின்னாலேயே வந்து சேர்ந்தன என்று அந்தக் கல்லூரியில் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

நவம்பர் 9, வியாழன். ஆஸ்டின் நகரில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தை 12-0 என்று வென்றார்கள். அணித்தலைவர் ஹென்றி சீபல்ஸுக்குத் தலையில் வெட்டுக் காயம். பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு தொடர்ந்து ஆடினார். மறுநாள் ஹூஸ்டனில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் கல்லூரி, 10-0. அன்றிரவு ரயிலில் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டம். சனிக்கிழமை நியூ ஆர்லியன்ஸில் டுலேன், 23-0. ஞாயிறு ஓய்வு. திருச்சபைக் கல்லூரி அல்லவா, கர்த்தருடைய நாளில் ஆட மாட்டார்கள். அந்த ஒரு நாளும் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கத் தோன்றுகிறது. திங்கள், பேட்டன் ரூஜில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம், 34-0. செவ்வாய், மெம்ஃபிஸில் மிசிசிப்பி பல்கலைக்கழகம், 12-0.

ஐந்து ஆட்டத்திலும் எதிரணிக்கு ஒரு புள்ளி இல்லை.

படுக்கை ரயில்பெட்டியில், இரண்டு ஆட்டத்துக்கு நடுவே, வீங்கிய முழங்காலையும் கன்றிப்போன தோளையும் நீவிவிட்டு மறுநாள் நிற்கவைத்தவர் கேல் பரோஸ் என்ற கறுப்பினத்தவர். அவர் கைவண்ணம் இல்லாமல் இந்தச் சாதனை இல்லை. ஆனால் அவர் அந்தக் கல்லூரியில் மாணவராகச் சேர அன்று வழியே கிடையாது. தென்மாநிலங்களில் நிறவேற்றுமை சட்டமாகவே இருந்த காலம் அது. செவானியின் பெருமை பேசும் கட்டுரைகள் பலவற்றில் அவருக்கு ஒரு வரிதான் கிடைக்கிறது.

ஊர் திரும்பிய பிறகும் பருவம் முடியவில்லை. கம்பர்லாந்து கல்லூரியை 71-0 என்று சுருட்டினார்கள். நவம்பர் 30, நன்றி நவிலும் நாளன்று, மாண்ட்கமரி நகரில் ஆபர்ன் கல்லூரியோடு மோதினார்கள். ஆபர்னின் பயிற்சியாளர் ஜான் ஹைஸ்மன். இன்று கல்லூரி ஆட்டக்காரர் எவரும் கனவு காணும் ஹைஸ்மன் கோப்பை இவர் பெயரில் உள்ளதுதான். அவருடைய பையன்கள் மூச்சுவிட இடம் தராமல், ஒரு முயற்சி முடிந்த கையோடு அடுத்ததைத் தொடங்கிவிடுவார்கள். அத்தனை பேர் சேர்ந்து முடியாததை ஆபர்ன் செய்தது: பத்துப் புள்ளி எடுத்தது. செவானி 11. ஒரே ஒரு புள்ளியில் தப்பித்தார்கள். நடுவர்களின் தீர்ப்பு சரியில்லை என்று ஹைஸ்மன் பத்திரிகைக்கு எழுதிக் கொட்டித் தீர்த்தார். இரண்டே நாளில் அட்லாண்டாவில் வட கரோலினா பல்கலைக்கழகத்தை 5-0 என்று வென்று பருவத்தை முடித்தார்கள்.

அந்த அட்டவணை போட்ட லூக் லீயையும் விட்டுவிட மனமில்லை. அவர் பின்னாளில் நாஷ்வில்லில் செய்தித்தாள் தொடங்கினார். 1911 முதல் 1917 வரை அமெரிக்க செனட்டர். முதல் உலகப்போர் முடிந்ததும், 1919 ஜனவரியில், சில தோழர்களைக் காரில் ஏற்றிக்கொண்டு நெதர்லாந்துக்குப் போய், அங்கே அடைக்கலம் புகுந்திருந்த ஜெர்மன் கைசரைத் தூக்கிவர முயன்றார். கோட்டை வரவேற்பறை வரை போய்விட்டார்! கைசர் முகம் காட்டவில்லை. 1930-களில் வங்கி மோசடி வழக்கில் சிறைக்கும் போனார். பிறகு மன்னிப்புக் கிடைத்தது. இருபது வயதில் ஆறு நாளுக்கு ஐந்து ஆட்டம் போட்ட துணிச்சல் அந்த மனிதரை வாழ்நாள் முழுக்க விடவில்லை.

இந்தச் சாதனையை இனி எவரும் முறியடிக்கப் போவதில்லை. முடியாது என்பதைவிட, விடமாட்டார்கள் என்பதே சரி. இந்த ஆட்டத்தில் மாணவர்கள் அடிபட்டுச் சாவது 1905-இல் பெரிய பிரச்சினையாகி, அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் கல்லூரிக்காரர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். விதிகள் மாறின. செவானிப் பையன்கள் உயிரோடு ஊர் திரும்பியதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்குண்டு.

செவானி 1932-இல் தென்கிழக்கு மாநாடு என்ற கல்லூரிக் கூட்டமைப்பைத் தொடங்கியவர்களில் ஒன்று. அதற்குள் மாநிலப் பல்கலைக்கழகங்கள் பணத்தைக் கொட்டி அணி கட்டத் தொடங்கியிருந்தன. அந்தக் கூட்டமைப்பில் ஒரு ஆட்டம்கூட வெல்லாமல் 1940-இல் செவானி வெளியேறியது. கல்லூரித் தலைவர் அலெக்சாண்டர் கெரி, காசு கொடுத்து ஆட்டக்காரர்களைச் சேர்ப்பதில்லை என்று முடிவெடுத்தார். இன்றும் அங்கே ஃபுட்பால் அணி உண்டு, மூன்றாம் நிலையில். ஆடுவதற்காக எவருக்கும் உதவித்தொகை கிடையாது. ஆட்டம் வாரத்துக்கு ஒன்றுதான்.