வால்டர் டல்: ஒரு கால்பந்து வாழ்வும் அதன் சான்றுகளும்

விளையாட்டு வரலாற்றைப் பொருளாகக் கொண்டு கூடியுள்ள இவ்வாய்வரங்கு, முதல் உலகப் போரில் உயிரிழந்த ஆங்கிலக் கால்பந்து வீரர் வால்டர் டல்லை முதற்கண் எடுத்துக்கொள்வது பொருத்தமே. அவருடைய ஆட்ட வாழ்வைப் போர் முறித்தது என்றே பொதுவாக எழுதப்படுகிறது. சான்றுகளைக் கால வரிசையில் வைத்துப் பார்த்தால், அவ்வாழ்வின் உயர்ந்த கட்டம் போர் தொடங்குமுன்பே முறிந்திருந்தது புலனாகும்.

பார்படோஸ் தீவிலிருந்து வந்து குடியேறிய தச்சர் ஒருவருக்கும் ஆங்கிலப் பெண்மணிக்கும் 1888இல் ஃபோக்ஸ்டனில் பிறந்து, பத்து வயது நிறையுமுன் பெற்றோர் இருவரையும் இழந்து, லண்டன் பெத்னல் கிரீனில் மெதடிஸ்ட் சபையினர் நடத்திய அநாதை இல்லத்தில் வளர்ந்தவர் டல். ஊதியம் பெறாது ஆடும் அமெச்சூர் கழகமான கிளாப்டனில் திறம் காட்டிய அவரை, 1909இல் டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் கழகம் தொழில்முறை ஆட்டக்காரராகச் சேர்த்து, நாட்டின் உயர்நிலைப் போட்டித் தொடராகிய முதல் டிவிஷனில் களமிறக்கியது. அவ்வாண்டு அக்டோபரில் பிரிஸ்டலில் நடந்த ஆட்டத்தின்போது பார்வையாளரில் ஒரு சாரார் நிறத்தைச் சுட்டி அவரை இழித்துக் கூச்சலிட்டனர். அதைச் செய்தித்தாள் கண்டித்தே எழுதியது. பின்னர் விரைவிலேயே இரண்டாம் அணிக்கு அனுப்பப்பட்ட அவர், அக்கழகத்துக்காக ஆடிய முதல் டிவிஷன் ஆட்டங்கள் மொத்தம் 10 மட்டுமே. கூச்சலே நீக்கத்துக்குக் காரணம் என்பது ஊகந்தான். ஆயினும் நிகழ்ச்சிகளின் வரிசை அவ்வூகத்தை எளிதில் தள்ளவிடுவதில்லை.

1911இல் ஹெர்பர்ட் சாப்மனின் மேலாண்மையில் இருந்த நார்தாம்ப்டன் டவுன் கழகத்துக்குச் சென்று 100க்கு மேற்பட்ட ஆட்டங்கள் ஆடிய டல், 1914 டிசம்பரில் 'கால்பந்து வீரர் படை' எனப்பட்ட மிடில்செக்ஸ் ரெஜிமென்டின் 17ஆம் பட்டாலியனில் சேர்ந்தார். ஐரோப்பிய வழிவந்தோருக்கே அதிகாரிப் பதவி என்னும் போக்கு படைத்துறை விதிகளில் வேரூன்றியிருந்த காலத்தில், 1917 மே மாதம் அவர் இரண்டாம் லெப்டினன்ட் ஆனதும், இத்தாலியில் பியாவே ஆற்றங்கரையில் காட்டிய துணிவுக்காகப் பாராட்டப் பெற்றதும் ஐயத்துக்கு இடமற்றவை. 1918 மார்ச் 25 அன்று, ஜெர்மானியரின் வசந்தகாலப் பெருந்தாக்குதலில், பிரான்சின் ஃபவ்ரேய் அருகே தம் 29ஆம் வயதில் அவர் கொல்லப்பட்டார். உடல் கிடைக்காததால் அராஸ் நினைவகத்தில் பெயர் மட்டும் பொறிக்கப்பட்டுள்ளது.

மிலிட்டரி கிராஸ் என்னும் வீரப் பதக்கத்துக்கு அவர் பரிந்துரைக்கப்பட்டதாக, இறப்புக்குப் பின் சக அதிகாரி ஒருவர் தமையனாருக்கு எழுதிய மடல் கூறுகிறது. பரிந்துரை ஆவணமோ கிடைக்கவில்லை. நிற வேறுபாட்டால் பதக்கம் மறுக்கப்பட்டது என்று இவ்விடைவெளியை இட்டு நிரப்புவது மரியாதையாகத் தோன்றினும் ஆய்வாகாது. பதக்க வழக்கில் செலவாகும் உழைப்பில் ஒரு பகுதியேனும், வரலாற்றாசிரியர் சில வரிகளில் கடந்துவிடும் நார்தாம்ப்டன் ஆண்டுகளுக்குத் திரும்ப வேண்டும். அக்காலச் செய்தித்தாள்களின் ஆட்ட வருணனைகளை முறையாகத் தொகுக்கும் பணியை இவ்வரங்கின் இளம் ஆய்வாளர்கள் மேற்கொள்ளுமாறு தலைமை கேட்டுக்கொள்கிறது.