துப்பாக்கிச் சனியனின் காலம் அறியும் வகை

(சிதம்பரத்தில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நம் கடலூர், சிதம்பரம் வட்டாரத்து வீடுகள் சிலவற்றில், துப்பாக்கி முனையில் மாட்டும் சனியன், அதாவது பயனெட்டு, பரணிலே துருவேறிக் கிடப்பதுண்டு. அதைக் கண்டவுடன் "இது ஹைதர் காலத்தது" என்பது நம்மவர் வழக்கம். அதற்குக் காரணமும் உண்டு. 1781 ஜூனில் ஸர் அயர் கூட் சிதம்பரம் கோயிலைத் தாக்கிப் பின்வாங்கினார். ஜூலை 1-ல் பரங்கிப்பேட்டை யுத்தம் நடந்தது. 1783 ஜூனில் கும்பினிப் படை கடலூரிலிருந்த பிரெஞ்சுக்காரரை முற்றுகையிட்டது. ஆயினும், யுத்தம் நடந்த ஊரில் இருப்பதனாலேயே ஓர் ஆயுதம் அந்த யுத்தத்துக்குரியது ஆகிவிடாது.

முதலில் பிடியை நோக்குக. அந்நாளைய சனியனுக்குக் கைப்பிடி இல்லை. துப்பாக்கிக் குழலின்மேல் மாட்டுதற்குரிய ஒரு குழாயும், அதன் பக்கத்தே வளைந்து நீளும் முப்பட்டை அலகுமே உண்டு. ஆங்கிலேயரின் அலகு ஏறக்குறைய 17 அங்குலம். மரக்கைப்பிடியுள்ள 1907-ஆம் வருஷத்து மாதிரிக்கும் அலகு 17 அங்குலமே. ஆதலின் நீளத்தை மட்டும் கொண்டு காலத்தைத் துணிதல் தகாது.

கைப்பிடி உண்டாயின் அலகின் அடியை நோக்குக. கிரீடமும் அதன்கீழ் 1907 என்னும் எண்ணும் காணின், அது செய்த வருஷமன்று. மாதிரி ஏற்பட்ட வருஷம். அருகிலுள்ள சிற்றெண்களே செய்த காலத்தைச் சொல்லும்: "10 17" என்றால் 1917 அக்டோபர். மறுபுறத்து அம்புக்குறி அரசாங்க உடைமை என்பதைக் காட்டும். ஆர்.எப்.ஐ. என்னும் எழுத்துக்கள் வங்காளத்து ஈஷாப்பூர்த் தொழிற்சாலையைக் குறிக்கும். அலகின் முதுகில் பிரெஞ்சு எழுத்து ஓடுமாயின், 1874-ஆம் வருஷத்துக் 'கிரா' மாதிரியாகலாம்; செய்த ஆலையும் மாதமும் வருஷமும் அங்கேயே பொறிக்கப்பட்டிருக்கும்.

கடலூரில் நம்மவர் இல்லமொன்றில், 1783-ஆம் வருஷத்து முற்றுகையில் கிடைத்ததெனப் போற்றிவந்த சனியனை எண்ணெய் தடவித் துடைத்தோம், 1917 வெளிப்பட்டது. வீட்டார் முகம் வாடிற்று. முன்னோர் பெருமையைக் குறைத்துவிட்டோமோ என்று நாமும் வருந்தினோம். அப்போது அவ்வீட்டு மூதாட்டியார், தம் பாட்டனார் முதல் உலக யுத்தத்தின்போது பஸ்ரா சென்று மீண்டதை எடுத்துரைத்தார். அவர் பெயரை அவ்வீட்டுப் பிள்ளைகள் அன்றுதான் கேட்டனர். அந்த ஆயுதம் அவர் கையிலிருந்ததே என்று முத்திரை சொல்லாது. ஆனால் மறந்துபோன ஒருவரை அது நினைப்பித்தது.

ஆதலின், செங்கற்பொடி இட்டுத் தேய்க்க வேண்டா; எழுத்து அழிந்துபோம். பழைய இரும்பென்று எடைக்கும் போட வேண்டா. முத்திரைகளை ஒரு தாளில் படியெடுத்து, வீட்டுப் பெரியோர் சொல்லையும் உடன் எழுதி வைப்பீராக.