வாத்தும் வாத்தியாரும்

ஜப்பானின் ஃபுகுவோகா மாகாணத்தில் டகாவோ ஃபுருனோ என்ற உழவர் 1988-இல் தம் நெல்வயலில் வாத்துக் குஞ்சுகளை இறக்கிவிட்டார். குஞ்சுகள் களையையும் பூச்சியையும் தின்றன, ஓயாமல் நீந்திச் சேற்றைக் கலக்கின, எச்சம் எருவானது. ஆனால் அவற்றுக்குக் காவல் வேண்டும், வேலி வேண்டும். கதிர் வந்துவிட்டால் நெல்லையே மேய்ந்துவிடும் என்பதால் அதற்குள் கரையேற்றியாக வேண்டும். 2019-இல் நிசான் நிறுவனப் பொறியாளர் ஒருவர் இந்த வாத்துக்கு மாற்றாக ஒன்றரைக் கிலோ எடையில் மிதக்கும் ரோபோ ஒன்றைச் செய்து காட்டினார். அதிலிருந்து வளர்ந்த பெரிய கருவியை இசெகி நிறுவனம் 2023-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இந்த ரோபோவுக்குக் களை எது, பயிர் எது என்று தெரியாது, தெரியவும் வேண்டாம். வெயிலில் மின்சாரம் எடுத்துக்கொண்டு வயலைச் சுற்றிவந்து தண்ணீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும். அடியில் வெளிச்சம் படாததால் களை எழும்ப முடிவதில்லை. வாத்து செய்யும் நாலைந்து வேலைகளில் களையை அடக்க இது ஒன்றே பெரிதும் உதவும் என்று தெரிந்ததால்தான் கருவி இவ்வளவு எளிமையாக அமைந்தது. வயல் மேடுபள்ளமாக இருந்தால் மேட்டில் தண்ணீர் நிற்காது. ரோபோ அங்கே தரைதட்டும், களையும் அங்கேதான் முளைக்கும். பரம்படித்து வயலைச் சமன்செய்யும் பழைய வேலை அப்படியே உழவர் கையில்தான் இருக்கிறது.

ஆகவே சிறிய பண்ணை ரோபோக்களை உருவாக்குவோர் முதலில் போக வேண்டிய இடம் வயல். கணினிக்கூடம் பிறகு என்பதே என் வாதம். "லட்சக்கணக்கான படங்களைக் காட்டினால் களையைப் பிரித்தறிய இயந்திரம் தானே கற்றுக்கொள்ளுமே, உழவர் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. படம் தானாகப் பேசாது. இது நெல், இது புல் என்று யாரோ ஒருவர் குறித்துக் கொடுத்த பிறகே இயந்திரம் படிக்கத் தொடங்குகிறது. குதிரைவாலிப் புல்லை எடுத்துக்கொள்ளுங்கள். இளம்பருவத்தில் அதையும் நெல்லையும் மேலோட்டமாகப் பார்த்துப் பிரிப்பது கடினம். காரணம் சுவையானது. களை பறிப்பவர் கண்ணில் பட்ட செடிகள் பிடுங்கப்பட்டன. நெல்லைப் போலவே நிமிர்ந்து, பச்சையாக நின்றவை தப்பித்து விதை விட்டன. இந்த ஒப்பனை சீனத்தின் யாங்சி ஆற்றுப் பகுதியில் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியது என்று 2019-இல் வெளியான மரபணு ஆய்வு சொல்கிறது. மனிதக் கண்ணை ஏமாற்றவே வளர்ந்த புல், மேலிருந்து படமெடுக்கும் கேமராவை ஏமாற்றாதா? குனிந்து தாளைப் பிடித்துப் பார்ப்பவருக்கு வேறு அடையாளம் கிடைக்கிறது. நெல்லில் இலையும் உறையும் சேரும் இடத்தில் மெல்லிய வெள்ளைச் சவ்வு நாக்கு போல நீட்டிக்கொண்டிருக்கும்; இந்தப் புல்லில் அந்த இடம் வெறுமையாக இருக்கும். எந்த உயரத்தில், எந்தக் கோணத்தில் கேமராவை வைப்பது என்ற கேள்விக்கே இதில் பாதி விடை இருக்கிறது. இன்னொன்று: வரப்போரப் பொன்னாங்கண்ணியும் தோட்டத்து மணத்தக்காளியும் சில வீடுகளில் அன்றைய குழம்புக்குப் போகிறவை. எதைப் பிடுங்கக் கூடாது என்பதும் பாடத்தில் சேர வேண்டும்.

மரபறிவு எல்லாமே சரியாக இருக்குமா என்று கேட்டால், இருக்காது. முற்றிய நாற்றைக் கொத்தாக நட்டு, வயலில் எப்போதும் தண்ணீர் கட்டுவதே சரி என்று தலைமுறைகளாக நம்பினோம். இளநாற்றை ஒற்றையாக, 25 சென்டிமீட்டர் இடைவெளியில் நடும் செம்மை நெல் சாகுபடி அதைக் கேள்விக்கு உள்ளாக்கியது. ஆகவே உழவர் சொல்வதையும் வயலில் வைத்துச் சோதிக்கத்தான் வேண்டும். அதே சாகுபடியோடு வந்த கோனோ வீடர் என்ற களையெடுக்கும் கருவியோ பெண்களுக்குத் தள்ளக் கனமாக இருக்கிறது என்ற குறை பல இடங்களில் எழுந்தது. தள்ளப்போகிறவர்களை வடிவமைக்கும்போதே கேட்டிருந்தால் அந்தக் குறை முதலிலேயே தெரிந்திருக்கும்.

கனமான ஆட்சேபம் கூலி பற்றியது. நம் ஊரில் களை பறிப்பவர்களில் பெரும்பாலோர் நிலமில்லாத பெண்கள். தங்கள் வேலையைப் பறிக்கப்போகும் கருவிக்கு அவர்களே பாடம் சொல்லித்தர வேண்டுமா? இதற்கு எளிதான பதில் என்னிடம் இல்லை. ஆள் கிடைக்காத ஊர்களுக்குத்தான் ரோபோ வரும் என்று சமாதானம் சொல்வதும் நேர்மையாகாது. ஆனால் ஒரு பிழையைத் தவிர்க்கலாம். உழவர் அறிவைத் திரட்டுகிறோம் என்று வருபவர்கள் பெரும்பாலும் பட்டா வைத்திருப்பவரிடம் பேசிவிட்டுத் திரும்புகிறார்கள். புல்லைத் தொட்டுப் பார்த்தவர் வயலுக்குள்ளேயே நிற்கிறார். பாரம்பரிய விதைகளைக் காத்த உழவருக்கு அங்கீகாரமும் வெகுமதியும் தர 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள், உழவர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் வழி செய்தது. களையைப் பிரித்தறியும் கைக்கும் அப்படி ஓர் ஏற்பாடு வேண்டும். படங்களில் நெல்லையும் புல்லையும் குறித்துக் கொடுக்கும் நாளுக்குக் களைக்கூலியைவிடக் கூடுதலாகச் சம்பளம் தரலாம். கருவி ஊருக்கு வரும்போது அதை வாங்கி வாடகைக்கு விடும் உரிமையை முதலில் அந்தப் பெண்களின் சுயஉதவிக் குழுவுக்கே கொடுக்கலாம். மானியத்தில் கருவி வழங்கும் அரசுத் திட்டங்களில் இதை ஒரு நிபந்தனையாகச் சேர்ப்பது அப்படியொன்றும் கடினமான வேலையல்ல.