மலையோடையும் வந்தேறிய மீனும்



மீன் என்றவுடன் நம்மவர் உள்ளத்தில் தோன்றுவது கடல். ஐயாயிரம் அடிக்கு மேல் உயர்ந்த நானுஓயாப் பகுதியின் ஓடைகளுக்கும் மீன் வரலாறு ஒன்று உண்டு என்பதைச் சிலரே எண்ணியிருப்பர்.

மீன் எவ்வாறு நடந்துகொள்கிறது? எந்தச் சூழலில் வாழ்கிறது? அதன் இயல்புகள் தலைமுறை தலைமுறையாக எவ்வாறு உருவாயின? 1981ஆம் ஆண்டில் சிட்னி நகரில் முதன்முதலாகக் கூடிய இந்து-பசிபிக் மீன் மாநாடு போன்ற அவைகளில் அறிஞர் ஆராய்வன இத்தகைய வினாக்களே. இவை மூன்றும் உண்மையில் ஒன்றே என்பதற்கு நம் மலையகம் நல்ல சான்றாகும்.

1880ஆம் ஆண்டுகளில், தூண்டில் விளையாட்டில் விருப்புற்ற ஆங்கிலேயர் பழுப்பு டிரௌட் என்னும் மீனை நுவரெலியாவுக்குக் கொணர்ந்தனர். குளிரும் தெளிந்த நீரும் இருக்கையில் வேறென்ன வேண்டும் என்பது அவர்தம் எண்ணம். மீன் வளர்ந்தது, ஆனால் பெருகவில்லை. பகற்பொழுது குறுகிக் குளிர்காலம் நெருங்குவதை அறிந்து முட்டையிடும் குலத்தைச் சேர்ந்தது அது. ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறக்குறைய ஒத்திருக்கும் நம் நாட்டில் அந்தக் குறிப்பு எங்கே கிடைக்கும்? பின்னர் வந்த வானவில் டிரௌட்டோ ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் இனம்பெருக்கி நிலைத்துவிட்டது.

இம்மீனின் நடத்தை வியப்புக்குரியது. ஓட்டத்தை எதிர்நோக்கி நின்று, நீர் அடித்துவரும் பூச்சிகளைக் கவ்வும். பெண்மீன் வாலால் பரல்களைக் கிளறிப் பள்ளம் செய்து, முட்டையிட்டு மூடும். பரல்களின் இடையே குளிர்ந்த நீர் ஓடினாலன்றி முட்டைக்கு உயிர்வளி கிட்டாது. மேட்டு நிலத்திலிருந்து கரைந்துவரும் சேறு படிந்தால் கருவிலேயே அழிவுதான்.

ஆனால் ஒன்றின் வெற்றி மற்றொன்றுக்கு இடராகலாம் அன்றோ? உலகில் வேறெங்கும் இல்லாத சிற்றிறால் இனமொன்று ஹோர்ட்டன் சமவெளியின் குளிரோடையில் வாழ்கிறது. டிரௌட்டைக் கண்டறியாத நீரில் உருவான உயிர் அது. சிறு நீருயிர்களை உண்ணும் புதிய மீன் வந்தபின், அதன் தற்காப்பு பழைய பகைவருக்கு மட்டுமே போதுமானதாகிவிடக்கூடும். காலம் பல கொண்டு இயற்கை அமைத்த உறவை, சில பெட்டி முட்டைகள் கலைத்துவிட வல்லவை.

இது ஆங்கிலேயரோடு முடிந்த கதையன்று. கண்ணாடித் தொட்டிக்கென வாங்கிய தென்னமெரிக்க உறிஞ்சுவாய்க் கெளிறு இன்று நம் நாட்டின் நீர்நிலைகளில் பரவியுள்ளது. தொட்டியில் மிகுந்ததை ஓடையில் விடுவது இரக்கம்போலத் தோன்றும். ஓடையில் முன்பே வாழும் உயிர்களுக்கோ அது கேடாகலாம்.

ஆதலால் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நாம் கற்பிக்க வேண்டியவை இரண்டு: அயல் மீனை ஓயாவில் விடாதிருத்தல், கரையின் புல்லையும் மரத்தையும் காத்துச் சேற்றைத் தடுத்தல். நானுஓயாவின் நீர் கொத்மலை ஓயாவை நோக்கிச் செல்வது. மேலே நாம் செய்வதைக் கீழேயுள்ளோரும் ஏற்கவேண்டியிருக்கும்.