அவா வேறு, வெஃகல் வேறு!



"பேராசை பெருநட்டம்" என்பது பழமொழி. வயலில் பாடுபடுவோன் பிடி நெல் கூடுதலாகக் கேட்டால் இதனை ஓதுவர். ஆலையில் உழைப்போன் ஊதிய உயர்வு கேட்டாலும் இதனையே ஓதுவர். ஊரார் நிலத்தை வளைத்துக்கொண்டவனிடம் மட்டும் ஓதார்! பசித்தவனையும் பறித்தவனையும் ஒரே சொல்லால் அளக்கலாமா? வள்ளுவர் அவ்வாறு அளக்கவில்லை. மூன்று சொற்களை மூன்று இடங்களில் வைத்தார்.

முதற்சொல் அவா. வேண்டும், வேண்டும் என்னும் வேட்கை அது. அதனை அறுத்திடுக என்றார், எங்கே? துறவறவியலில், 37ஆம் அதிகாரத்தில். துறவிக்குச் சொன்னதைத் தூக்கி வந்து, பட்டினி கிடப்போன் வாய்க்குப் பூட்டாக்குவது முறையோ?

இரண்டாம் சொல் வெஃகல். பிறர் பொருளைக் கவர எண்ணுதல் என்பது அதன் பொருள். 'வெஃகாமை' 18ஆம் அதிகாரம், இல்லறவியலில் உள்ளது. இல்லறத்தான் பொருள் விரும்புவது குற்றமன்று. மாற்றான் பொருளை விரும்புவதே குற்றம். மன்னன் ஒருவன் வெஃகினால் என்ன விளையும்? பெல்ஜிய மன்னன் இரண்டாம் லியோபோல்டு, தான் ஒருநாளும் கால்வைத்தறியாத காங்கோ நாட்டை 1885 முதல் 1908 வரை தன் சொந்த உடைமையாக வைத்திருந்தான். ரப்பருக்காக அம்மக்கள் வதைக்கப்பட்டனர், கைகள் வெட்டப்பட்டன. அரண்மனையில் அமர்ந்தவனின் வெஃகல், ஆப்பிரிக்கக் காட்டில் குருதியாய் வழிந்தது!

மூன்றாம் சொல் இவறல். கொடுக்க வேண்டிய இடத்துக் கொடாமை அது. அதனை 44ஆம் அதிகாரமாகிய குற்றங்கடிதலில், ஆள்வோர்க்குரிய குற்றங்களுள் ஒன்றாக வைத்தார். ஆம், இரப்போனுக்கன்று, இருப்போனுக்கே அந்த எச்சரிக்கை!

இம்மூன்று சொற்களையும் நெஞ்சில் நிறுத்தி, நம் மண்ணின் கீழவெண்மணியை எண்ணிப் பாருங்கள். அன்றைய தஞ்சை மாவட்டத்து அச்சிற்றூரில், உழவுத் தொழிலாளர் கேட்டது என்ன? கூலியில் அரைப்படி நெல் கூடுதல்! 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு, அஞ்சி ஒடுங்கியிருந்த குடிசைக்குத் தீ வைக்கப்பட்டது. மாண்டோர் 44 பேர். பெண்களும் குழந்தைகளுமே மிகுதி.

அரைப்படி நெல் கேட்டது பேராசையா? அன்று, தோழர்களே, அன்று! தான் விளைவித்த நெல்லில் பங்கு கேட்பது வெஃகல் ஆகாது. அதனை மறுப்பதே இவறல்!

இனி எவரேனும் உழைப்போனைப் பார்த்துப் "பேராசைக்காரன்" என்று ஏசினால், நாணித் தலைகுனிய வேண்டா. நிமிர்ந்து நின்று ஒன்று கேளுங்கள்: "அவன் கேட்கும் பொருள் யார் விளைவித்தது?" விடை வரட்டும். வெஃகுவோன் எவன் என்பது வெட்டவெளிச்சமாகும்!