பத்திரம் யார் பெயரில்?



கனடா தேசத்தின் கிழக்குக் கரையில் நான்கு சிறு மாகாணங்கள் உள்ளன. நியூ பிரன்ஸ்விக், நோவா ஸ்கோஷியா, பிரின்ஸ் எட்வேட் தீவு, நியூபவுண்லாந்து-லாப்ரடோர் என்பன அவை. அங்குள்ள இளைஞர் நெடுங்காலமாகப் பிழைப்பு நாடி ஒன்ராறியோவுக்கும் அல்பேர்ட்டாவுக்கும் பெயர்ந்து வந்தனர்; எஞ்சியோர் மூப்படைகின்றனர். வைத்தியசாலைக்குத் தாதியர் போதாது, பாரவண்டிக்குச் சாரதி போதாது, மீன் பதனிடும் சாலைக்கு ஆள் போதாது என்ற நிலையில், 2017ஆம் ஆண்டில் அந்நாட்டரசு ஒரு பரீட்சார்த்தக் குடிவரவுத் திட்டத்தைத் தொடங்கிற்று. 2022 ஜனவரியில் அது நிரந்தரமாக்கப்பட்டது.

இத்திட்டத்தில் ஆளைத் தெரிந்தெடுப்பவர் அரசாங்க உத்தியோகத்தர் அல்லர், தொழில்கொள்வோரே. மாகாணத்தின் அங்கீகாரம் பெற்ற நிறுவனம் தனக்கு வேண்டியவருக்கு வேலை வழங்குகின்றது. மாகாணம் ஒப்புதல் அளிக்கின்றது. பின்னர் மத்திய அரசு நிரந்தர வதிவிட உரிமை வழங்குகின்றது. வளைகுடா நாடுகளில் இருபது ஆண்டு உழைத்தவரும் அந்நாட்டுக் குடியாவது அரிது. இங்கோ குடும்பத்துடன் வேரூன்ற வழியுண்டு. இந்நன்மையை மறுப்பது நியாயமன்று.

ஆயினும் உரிமை கைக்கு வருமுன் ஓர் இடைக்காலம் உண்டு. அக்காலத்துக்கென வழங்கப்படும் தொழில் அனுமதிப் பத்திரம் இரண்டாண்டு வரை செல்லுபடியாகும். அதில் ஒரே முதலாளியின் பெயர்தான் எழுதப்படும். அவ்வேலையை விட்டால் மாகாணத்தின் ஒப்புதலை இழக்க நேரலாம். புதியவரிடம் செல்வதாயின் எல்லாம் புதிதாகத் தொடங்கவேண்டும். சம்பளத்தில் ஒரு பங்கு குறைந்தால் அவர் வாய் திறப்பாரா? மனைவி மக்களின் எதிர்காலம் அந்த ஒரு கடதாசியில் தொங்கும்போது, எந்த மனிதர்தான் முறைப்பாடு செய்வார்?

இது எமக்குப் புதிய செய்தியன்று. எமது மலைநாட்டுத் தோட்டங்களில் 'துண்டு' என்றொரு முறை இருந்தது. தொழிலாளியின் கடன் எவ்வளவு என்று எழுதிய கடதாசி அது. அக்கடனைத் தீர்க்க வேறொரு தோட்டம் முன்வந்தாலன்றி அவர் பெயர முடியாது. 1921இல் சட்டம் அதை ஒழித்தது. துரைமாருக்கு ஆள் தேவை என்பதற்காகவே அம்மக்கள் வரவழைக்கப்பட்டனர். அத்தேவை உரிமையாகிவிடாது என்பதை 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் காட்டிற்று.

கனடாவின் பத்திரமும் அந்தத் துண்டும் ஒன்றே என நாம் வாதிடவில்லை. அதில் கடன் எழுதப்படுவதில்லை; காலவரை உண்டு; முடிவில் உரிமை உண்டு. ஆனால் ஒருவரின் காலை ஒரு முதலாளியின் வாசலிலேயே கட்டிவைக்கும் குணம் இரண்டுக்கும் பொது.

ஆட்பற்றாக்குறை மாகாணத்தினது என்று கூறித்தானே இத்திட்டம் வகுக்கப்பட்டது? அப்படியாயின் பத்திரமும் மாகாணத்தின் பெயரிலும் தொழிலின் பெயரிலும் இருப்பதே முறை. செலவு செய்து அழைத்தவரை விட்டு ரொறன்ரோவுக்கு ஓடிவிடுவார்களே என்பர். நிரந்தர வதிவிடம் பெற்றவர் எம்மாகாணத்திலும் வாழலாம், தொழில் தேடலாம் என்று கனடாவின் உரிமைப் பட்டயத்தின் 6ஆம் பிரிவே கூறுகின்றது. ஆகவே பூட்டு இடைக்காலத்துக்கு மட்டுமே உதவும். அதன்பின் அவரை அங்கே நிறுத்துவன நல்ல சம்பளம், பிள்ளைகளின் பாடசாலை, அண்டை அயல் என்பனவே.

ஓரளவு திருத்தங்கள் வந்துள்ளன. துன்புறுத்தப்பட்ட தொழிலாளர் முதலாளி பெயரில்லாத பத்திரம் கோரலாம் எனக் கனடா 2019இல் விதித்தது. அவுஸ்திரேலியா 2024 ஜூலை முதல், வேலையை இழந்தவர் வேறிடம் தேட முன்பிருந்த 60 நாளை 180 நாளாக்கிற்று. இவை போதா, எனினும் பாதை சரியானது.

கமக்காரப் பெருமக்களுக்குத் தனியாக ஒன்று. வேலைக் கடிதத்துக்காகக் காணியை ஈடுவைக்காதீர்கள். ஆட்சேர்ப்புச் செலவை முதலாளி தொழிலாளியிடம் அறவிடுவதைக் கனடா 2022 செப்டெம்பரில் தடைசெய்தது. கடிதங்கள் விலைக்கு விற்கப்பட்டமையால், வேறொரு குடிவரவுத் திட்டத்தில் வேலைக் கடிதத்துக்கு அளித்துவந்த புள்ளிகளையே 2025 மார்ச்சில் நீக்கிற்று. இருந்தும் தரகர் வருவர். இலட்சக் கணக்கில் கேட்பர்.

கையொப்பம் இடுமுன் பத்திரத்தையும் ஒப்பந்தத்தையும் எமது கிளைக் காரியாலயத்துக்குக் கொண்டுவாருங்கள். எமது சட்ட நண்பர்கள் வரிவரியாகப் படித்துத் தமிழில் விளக்குவர். அதற்கு நாம் கட்டணம் அறவிடுவதில்லை.